பருத்தி சுற்றிய குழாய்

முதல் நாள்

நிலக்கரிச் சுரங்கங்களிலேயே தலை நரைத்தவளுக்கு ஒரு கற்குழி என்ன பெரிய காரியம் என்ற நினைப்போடுதான் அன்று காலை வண்டி ஏறினேன். வடக்கே, கரி எடுத்து முடித்துக் கைவிட்ட திறந்தவெளிச் சுரங்கங்களை மண் போட்டு மூடி, தண்ணீர் வடிய வழி செய்து, மறுபடியும் மரம் நிற்கிற நிலமாக மாற்றுவார்கள். அந்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்று உடுமலைப்பேட்டையில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என்னை, திருப்பூரிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தார் கூப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குழியை மூடியிருக்கிறார்களாம். போய்ப் பார்த்து முடிவறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"உங்க அனுபவத்துக்கு இது அரை நாள் வேலைங்க மேடம்" என்றார்கள் போனில். அந்த அரை நாள், ஐப்பசி முடியும்வரை இழுத்தது.

திருப்பூர்க்காரர்களுக்குப் பாறைக்குழி என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு கட்டவும் ரோடு போடவும் கல் உடைத்து உடைத்து, கல் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போன பள்ளம் அது. நான் போன இடத்தில் அப்படி இரண்டு குழிகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றை மூடிவிட்டார்கள். மற்றது இன்னும் திறந்து கிடந்தது. மூடியதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும், நான் முதலில் போய் நின்றது திறந்த குழியின் விளிம்பில்தான்.

நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆறு மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு ஆழம். நாலு பக்கமும் செங்குத்தான பாறை. அதன்மேல் மேலிருந்து கீழ்வரை துளை போட்ட தடங்கள் வரிவரியாக ஓடின. ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர் மிஷினைத் தோளில் சாய்த்துப் பிடித்துப் போட்டது. அடியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இதைவிடப் பத்து மடங்கு பெரிய பள்ளங்களைச் சுரங்கத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே தோண்டியது வீடு போல நகர்ந்துவரும் இயந்திரங்கள். இங்கே தோண்டியவை கைகள். இந்தக் கல் எல்லாம் எங்கே போயிற்று என்று திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஊர் தெரிந்தது. அத்தனை கம்பெனிகளும் மாடி வீடுகளும் பாலங்களும் இந்தக் குழியிலிருந்தும் இதைப்போன்ற குழிகளிலிருந்தும் எழுந்து போய் நிற்கின்றன என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது.

"மேடம், இக்கட்டால தள்ளி வாங்க. ஓரத்துல நிக்காதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர்தான் நாச்சிமுத்து. குழியை மூடிய காண்டிராக்டர். அறுபதை ஒட்டிய வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அடிப்படையில் அவர் பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் கம்பெனிக்காரர். ஆர்டர் குறைந்த சமயத்தில் இரண்டு டிப்பர் லாரி வாங்கி மண் வேலையிலும் இறங்கியிருந்தார். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிறவர் என்று அந்தச் சட்டையே சொல்லியது.

"ஏனுங்க நாச்சிமுத்து, இந்தத் தண்ணி கோடையில வத்துமுங்களா?"

"வத்தவே வத்தாதுங்க மேடம். ஊரே லாரித் தண்ணிக்குக் கொடம் வெச்சுட்டு நின்னப்பக்கூட இது எறங்குனதில்லீங்க. அடியில ஊத்து இருக்குதுங்க."

காய்ந்த வடிகால்

மூடிய குழியைப் பார்த்தபோது மனம் நிறைந்தது என்றே சொல்ல வேண்டும். பக்கத்தில் கிடந்த பயங்கரத்துக்குச் சமமான ஒன்று இதற்குக் கீழே இருக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். சமதளமான மைதானம். ஓரத்தில் வேம்பும் புங்கனும் வரிசையாகக் கன்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் கூண்டு கட்டியிருந்தார். குழந்தைகள் விளையாடும் இடமாக ஆக்கப் போகிறார்களாம்.

முன்பு கல் லாரிகள் ஏறி இறங்கிய பக்கத்தில் மட்டும் பாறை இல்லை, வெட்டவெளி. அந்த வாயை மண்கரை போட்டு அடைத்திருந்தார்கள். கரைக்குக் கீழே, அதன் முதுகை ஒட்டியபடி, பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் ஒரு வரிசை. அதைத் தாண்டி ஓடை.

இப்படி மூடும்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. குழிக்குள் ஊறுகிற தண்ணீர் உள்ளேயே நின்றால் போட்ட மண் சேறாகும், கரையைத் தள்ளும். அதனால் மண் கொட்டுவதற்கு முன்பே, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட குழாயை ஜல்லிக்கு நடுவில் பதித்து, கரைக்கு அடியில் ஓடைவரை கொண்டுபோய்விடுவோம். ஓட்டைகளில் மண் போய் அடைக்காமல் இருக்கக் குழாய்மேல் துணி சுற்றுவோம். அதற்கென்றே பாலியஸ்டரில் செய்த துணி வருகிறது. தண்ணீரை விடும், மண்ணை விடாது.

நாச்சிமுத்து என்னை ஓடைப்பக்கம் அழைத்துப்போய்க் குழாயின் வாயைக் காட்டினார். அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"பாத்தீங்களா மேடம், ஒரு சொட்டு இல்லீங்க. உள்ளார அத்தனையும் காஞ்சு கெடக்குதுங்க" என்றார் பெருமையாக.

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "பக்கத்துக் குழியில தண்ணி வத்தாதுன்னு இப்பத்தான சொன்னீங்க? ரெண்டுக்கும் ஒரே பாறைங்க. அங்க ஊறுற தண்ணி இங்க மட்டும் லீவு போட்டிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, குழாயின் வாயை மறுபடி குனிந்து பார்த்தார்.

செல்வராணி வீடு

அந்த நேரத்தில்தான் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். பெயர் செல்வராணி. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் துணி விளிம்பு தைக்கிற ஓவர்லாக் டெய்லர்.

"நீங்கதான் குழிய பாக்க வந்த ஆபீசரா?"

"ஆபீசர் இல்லைம்மா, பார்வையிட வந்தவ."

"அப்பம் எங்க வீட்டையும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. மழையே பெய்யல, தரையில தண்ணி ஊறுது. தொடைக்கத் தொடைக்க ஊறுது. ஹவுஸ் ஓனர்ட்ட சொன்னா, நீங்க தண்ணிய சிந்திட்டு எம்மேல பழி சொல்லுதியளான்னு சத்தம் போடுதாரு."

வரிசையில் அவருடையதுதான் நடு வீடு. ஒரே அறை. கட்டிலில் அவருடைய மகள் படுத்திருந்தாள். பிரசவம் ஆகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. குழந்தை உத்தரத்தில் கட்டிய தொட்டிலில் கிடந்தது. சிமெண்டுத் தரை முழுக்கக் கறுத்து ஈரமாக இருந்தது. சுவரோரம் செருப்பையும் அரிசி டப்பாவையும் செங்கல் வைத்துத் தூக்கியிருந்தார்கள்.

"பிள்ள பெத்த உடம்பு. பச்சப்பிள்ள வேற. இந்த ஈரத்துல எப்படிம்மா வச்சுப் பாக்க?" என்றார் செல்வராணி, தரையைக் காட்டி.

உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். சில்லென்று இருந்தது. சிந்திய தண்ணீர் இப்படிச் சில்லிடாது. ஆழத்திலிருந்து வருகிற தண்ணீர்தான் இப்படி இருக்கும்.

நேராக மைதானத்துக்கு ஏறினேன். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி மூடி போட்டு வைத்திருப்போம். மூடியைத் திறந்து டேப்பை விடலாம் என்று குனிந்தால், டேப்புக்கே வேலையில்லை. கையை விட்டால் தொடுகிற ஆழத்தில் தண்ணீர் நின்றது. அத்தனை பெரிய குழி முழுக்க, அந்த அழகான மைதானத்துக்கு அடியில், கழுத்துவரை தண்ணீர். வெளியே போக வழியில்லாமல் கரையை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. கசிந்த கொஞ்சம்தான் செல்வராணி வீட்டுத் தரையில் ஊறியது.

ஐப்பசி மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. மழைத்தண்ணீரும் சேர்ந்து கரை உடைந்தால், சேறும் தண்ணீருமாக முதலில் போய் நிற்பது அந்தத் தொட்டில் இருக்கிற அறைக்குள்தான். நாச்சிமுத்துவிடம் இதை மறைக்காமல் சொன்னேன்.

மனிதர் அங்கேயே நின்று கையைப் பிசையவில்லை. நேராகக் கீழே போய், "அம்மிணி, எல்லாரும் கெளம்புங்க. என்ற கம்பெனில துணி செக்கிங் ஹாலுல வந்து இருங்க. சாப்பாட்டுக்கு நான் சொல்லிப் போடறேன்" என்றார்.

மற்ற வீட்டுக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். செல்வராணி மட்டும் அசையவில்லை. "பச்ச உடம்புக்காரிய மிஷின் சத்தத்துக்குள்ளயா போட்டு வைப்பாக?"

"மிஷின நிறுத்திப் போடறனுங்க. என்ற மருமக கைப்புள்ளையோட வந்திருந்தா எப்பிடிப் பாப்பனோ, அப்பிடிப் பாத்துக்கறன். வாங்க அம்மிணி."

அன்று பொழுது சாய்வதற்குள் லைன் காலியாயிற்று. தொட்டில் சேலையை அவிழ்த்து, குழந்தையை அதிலேயே சுற்றிக்கொண்டு செல்வராணி நடந்தார்.

விரல் சொன்ன உண்மை

மறுநாள் சாக்கடை அடைப்பு எடுக்கிற நீளக் கம்பியைக் கொண்டுவந்து குழாய்க்குள் விட்டோம். கொஞ்ச தூரம் போய் முட்டியது. திருகி இழுத்தால், கூழாகப் போன சாம்பல் நிறச் சகதி வந்தது. நாற்றம் தாங்கவில்லை. கொக்கியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல் மாட்டியிருந்தது.

நாச்சிமுத்து அதை எடுத்தார். திருப்பூரில் துணியைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார்கள். காதர்பேட்டைத் துணிச் சந்தையில் கடைக்குக் கடை அதுதான் நடக்கும். அவரும் அந்தச் சகதியோடு அப்படித்தான் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்ற துணிங்க மேடம். இன்டர்லாக் பின்னல்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "கொழாய்க்குச் சுத்தச் சொல்லி ஒரு பாலியஸ்டர் துணியக் குடுத்தாங்க. கையில புடிச்சுப் பாத்தனுங்க. முரட்டுத் துணி, ஒரு மொகமே இல்லாத துணி. அதைப் போயி மண்ணுக்குள்ள போட்டா எத்தனை நாளைக்குங்க வரும்? மனசு கேக்கலீங்க. நம்ம கம்பெனில கொழந்தைத் துணிக்குன்னு ஓட்டுன சுத்தமான காட்டன் இருந்துது. அதையக் கொண்டாந்து, ஒண்ணுக்கு ரெண்டு சுத்தாச் சுத்தச் சொன்னனுங்க. நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க செஞ்சேன்."

சுரங்கங்களில் காண்டிராக்டர்கள் துணியே சுற்றாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். சாக்கைச் சுற்றி ஏமாற்றப் பார்த்ததைப் பிடித்திருக்கிறேன். கொடுத்ததைவிட உசத்தியான சரக்கைத் தன் கையிலிருந்து போட்டு ஒரு வேலையைக் கெடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். திருப்பூரைத் தவிர வேறெங்கும் இந்தத் தப்பு நடக்காது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

"உடம்புல போடறதுக்குப் பருத்தி மாதிரி வராதுங்க" என்றேன். "ஆனா ஈர மண்ணுக்கு அது சோறு. தின்னு கூழாக்கிரும். அந்தக் கூழுதான் ஓட்டையெல்லாம் அடைச்சிருக்குது. உங்களுக்குப் புடிக்காத அந்த முரட்டுத் துணிய மண்ணு தொடாதுங்க. அதுதான் இந்த வேலைக்கு வேணும்."

அவர் அந்தக் கிழிசலைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பாறை வழிவிட்டது

கரைக்கு அடியில் தோண்டிக் குழாயைச் சரிசெய்ய முடியாது. தண்ணீரைத் தேக்கி நிற்கிற கரையில் கடப்பாரை வைப்பது தற்கொலைக்குச் சமம். அதனால் கரையைத் தொடாமல், அதிலிருந்து தள்ளி, குழியின் பாறைச் சுவர் மெலிந்திருந்த இடத்தில் வெளிப்பக்கமிருந்து படுக்கைவாட்டில் துளை போடுவது என்று முடிவு செய்தேன். பாறை உடையாது, துளை அளவுக்குத்தான் தண்ணீர் வரும். அங்கிருந்து ஓடைக்கு நேர்வழி. வீடுகள் அந்தத் திசையிலேயே இல்லை.

பாறை துளைக்கும் கம்ப்ரஸர் வண்டி வந்தது. அதை ஓட்டுகிற ரங்கசாமி சூடம் கொளுத்தி, "முருகா" என்று சொல்லித் துளையை ஆரம்பித்தார். காலையில் தொடங்கியது. ராடு மாற்றி ராடு மாற்றிப் போய்க்கொண்டே இருந்தது. துளையிலிருந்து வெள்ளை மாவாகக் கல்தூள் கொட்டியது. நேரம் ஆக ஆக, வர வேண்டாம் என்று நான் கண்டித்திருந்தும், லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் எதிர்மேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வடக்கத்திப் பையன்கள் சிலரும் இருந்தார்கள். செல்வராணி குடையும் கையுமாக முன்வரிசையில் இருந்தார்.

மேட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று காதைக் கொடுத்தேன். உள்ளேயிருந்து என்ன கலரில் தண்ணீர் வரும் என்பதுதான் பேச்சு. சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஓடுகிற இந்த ஊரில் ஓடையைப் பார்த்தால் முதலில் கலரைத்தான் பார்ப்பார்கள். பாதிப் பேர் நீலம் என்றார்கள். சிவப்பு என்றார் ஒருவர். பழைய காலத்தில் குழியில் என்னென்ன கொட்டினார்களோ, கறுப்பாகத்தான் வரும் என்றார் இன்னொருவர். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது.

மதியத்தை ஒட்டி, கொட்டிக்கொண்டிருந்த கல்தூள் ஈரமாகிச் சாந்து போல வர ஆரம்பித்தது. ரங்கசாமி கையைக் காட்டினார். எல்லாரையும் விலகச் சொன்னேன். ராடை வெளியே இழுத்ததுதான் தெரியும்.

முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. காற்றுத்தான், ஆனால் பாறை மூச்சு விட்டது என்றே தோன்றியது. பிறகு தண்ணீர் பாய்ந்தது. துளையிலிருந்து நேராக நீட்டி, ஆள் உயரத்துக்கு அப்பால் போய் விழுந்தது. முதலில் காப்பி நிறம். பிறகு அரிசி கழுவிய தண்ணீர் நிறம். பார்த்துக்கொண்டே இருந்தோம். கலங்கல் குறைந்தது, இன்னும் குறைந்தது, கடைசியில் அந்தத் தண்ணீருக்கு அப்பால் இருந்த கல் தெரிந்தது.

"கலரே இல்லீங்க!" என்று நாச்சிமுத்து கத்தினார். "மேடம், கலரே இல்லீங்க!"

மேட்டிலிருந்து எல்லாரும் இறங்கி ஓடி வந்தார்கள். நான் தடுக்கவில்லை. நானே முன்னால் நின்று கையை நீட்டியிருந்தேன். தண்ணீர் கையைத் தள்ளியது. எலும்புவரை குளிர்ந்தது.

அன்று நான் அடைந்த பிரமிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வருகிற பூமி இது. தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடுகிற ஊர் இது. எந்த வெடிப்பு வழியாக, எந்தத் திசையிலிருந்து, எத்தனை பழைய மழையில் பெய்த தண்ணீரோ, பாறைக்குள்ளேயே நடந்து வந்து இந்தக் குழியில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் கல் எடுத்தோம், அது ஊறியது. நாம் மண்ணைப் போட்டு மூடினோம், அப்போதும் ஊறியது. யாரையும் கேட்கவில்லை, யாருக்காகவும் நிற்கவில்லை. அதன் முன்னால் நான் மட்டுமல்ல, என் சுரங்கங்களும் சின்னதாகிப் போயின.

மைதானத்தில் இருந்த அளவுக் குழாயில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மண் அமுங்கியதில் கன்றுகள் சில சாய்ந்தன. நாலைந்து நாளில் பாய்ச்சல் அடங்கி, மணிக்கட்டுக் கனத்துக்கு வந்தது. அதற்குமேல் குறையவே இல்லை. பாறை தினமும் கொடுக்கிற பங்கு அவ்வளவு என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் துளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு ரங்கசாமியிடம் இன்னும் இரண்டு துளை போடச் சொன்னார். துளைகளுக்குள் சொருகும் ஓட்டைக் குழாய்கள்மேல் சுற்ற வந்த பாலியஸ்டர் துணியைத் தேய்த்துப் பார்த்து, "மொகம் இல்லாட்டிப் போகுது. ஒழைக்கட்டும்" என்றார்.

ஐப்பசி

செக்கிங் ஹாலில் இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். முடிவறிக்கை தயாராக இருந்தது. நிறுவனத்திலிருந்து தினம் போன் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. "மழை வரட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வந்தது. மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு, எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மழை. குடையைப் பிடித்துக்கொண்டு முதலில் துளைகளைப் பார்த்தேன். மூன்றும் முழு வாயோடு கொட்டிக்கொண்டிருந்தன. கரையைச் சுற்றி நடந்தேன். எங்கும் கசிவு இல்லை. பாதிப் பரீட்சைதான் முடிந்தது.

இந்த வேலைக்கு வருகிற இளம் இன்ஜினியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வடிகால் காய்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் எங்கே போயிற்று என்று தேடுங்கள். வடிகால் நன்றாக இருக்கிறதா என்று வடிகாலிடம் கேட்டால் போதாது. அதற்குக் கீழே குடியிருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். உங்கள் கருவிகளுக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்கப் போனேன். செல்வராணி வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஓட்டின்மேல் மழை அறைந்துகொண்டிருந்த சத்தத்தில் என் செருப்புச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. "அம்மா, தரை எப்படி..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் திரும்பிப் பார்த்தவர், வாயில் விரலை வைத்து என்னை அடக்கினார்.

தரையில் ஒரு பாயை விரித்து, கரையை ஒட்டிய அந்தச் சுவரோரமாக, தாயும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாசலிலேயே நின்று, பையிலிருந்த முடிவறிக்கையை எடுத்து, சத்தம் போடாமல் கையெழுத்துப் போட்டேன்.